சம்பா வயலுக்கு வந்த கடல்பாசி

போன வாரம் ஒரத்தநாட்டிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, உரக்கடையில் கடல்பாசி மருந்து கொடுத்திருக்காங்க, சம்பாவுக்கு அடிக்கலாமா?" என்றான். நம் காலத்தில் தொழுவுரமும் கொழிஞ்சியும்தான். கடலிலிருந்து வயலுக்கு மருந்து வரும் என்று யார் நினைத்தோம்!

அது கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. 1980-களில் பாவ்நகர் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பிறகு மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டி பெப்சி கம்பெனி இறங்கியதால் ராமநாதபுரம் பக்கம் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். பன்னிரண்டடிச் சதுர மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. பச்சையாகப் பிழிந்தால் வரும் சாறு பயிருக்கு. சக்கையிலிருந்து எடுக்கும் கேரஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும். சாற்றில் சாம்பல் சத்தும் வளர்ச்சி ஊக்கியும் உண்டு. ஆனால் யூரியாவை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்ப முடியாது. தம்பி மகனிடமும் அதையே சொன்னேன்.

மண்டபத்துப் பெண்களுக்கு நல்ல வருமானம் வந்தது. ஆனால் 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறி, நோய் கண்டு, தெப்பம் தெப்பமாக அழிந்தது. ஒரே செடியின் துண்டுகளையே வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பக் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க ஒரே ரக நெல் நட்டால் புகையான் வருஷத்தில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, குருசடைத் தீவுப் பவளப் பாறைகள்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு கூட்டம். பாம்பன் பக்கம் மூழ்கி, அகர் செய்ய மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

இப்போது ராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்கா. அடுத்து நம் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமும் தெப்பங்கள் பெருகலாம். வரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022 முதல் கடற்பசுக் காப்பகம். கடற்பசு மேய்வது கடலடிப் புல்லை. தெப்பம் நிழல் போட்டால் அந்தப் புல் வளராது. எங்கே புல், எங்கே வெறும் மணல் என்று சேதுபாவாசத்திரம் மீனவர்களுக்கு அத்துபடி. முதல் மூங்கிலைக் கட்டுமுன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.