திண்ணை வீடும் சக்கர நாற்காலியும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிப் பழைய வீடுகளில், நடக்க முடியாத பெற்றோருக்கு முதல் தடை வாசற்படிதான். சாய்தளம் அமைக்க ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரை அடி உயர்ந்த திண்ணை வாசலுக்கு 18 அடி ஆகிறது; குறுகிய தெருவில் அதற்கு ஏது இடம்? கொல்லைப்புற வாசல் தாழ்வாக இருந்தால் அதையே பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

சக்கர நாற்காலி வாங்குமுன் குளியலறைக் கதவை அளப்பது அவசியம். சாதாரண நாற்காலியே 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும். (பலரும் வாங்கி வந்த பிறகுதான் அளக்கிறார்கள்.) கதவு குறுகலாக இருந்தால், கழிப்பறைக்கு மேல் போடும் துளை நாற்காலி செலவு குறைந்த வழி. கைப்பிடிக் கம்பியைச் சுவருக்குள் ஆழமாகப் பதிக்க வேண்டும். டைல்ஸில் மட்டும் திருகினால் ஆள் பாரம் தாங்காது.

அரசு உதவிக்கு அணுக வேண்டியது விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு எனச் சான்று தேவை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி இலவசம். எது பொருந்தும் என்பதை, 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.