கமண் புகட்டிய பாடம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். அதிபர்களின் பெருமையையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் எழுத வல்லார் பலர் உளர். எமக்கோ, கல்லூரியிற் கற்ற பாடமொன்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, அண்மையில் எமது அடுக்களையிலே விழித்தெழுந்த வரலாறே நினைவில் முந்தி நின்றது. அதனையே எழுதத் துணிந்தோம்.

1981 ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள வடோதரா நகருக்குச் சென்றோம். முன்னர்ப் பரோடா என வழங்கிய அந்நகரில், 1949 இல் நிறுவப்பெற்ற மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்திலே பயின்றோம். பழைய நகரில், மாண்டவி வாயிலுக்கு அண்மையில் ஒரு வீட்டின் மேன்மாடி அறை எமக்கு உறைவிடமாயிற்று. வீட்டுக்கார அம்மையாரை 'மாசி' என்று அழைத்தோம். எம்மூரிற் சின்னம்மா, பெரியம்மா என்போமே, அம்முறைக்குரிய சொல் அது. அவர் எம்மைத் 'தீக்ரா' என்பார். மகனே என்பது அதன் பொருள்.

கடலைமாவை ஆவியில் அவித்துச் செய்யும் 'கமண்' என்னும் சிற்றுண்டியை முதன்முதலிற் கண்டது அவ்வீட்டிலேதான். வெளியூரார் இதனை 'டோக்ளா' என்றே சொல்லிவிடுவர். குஜராத்தியரோ இரண்டையும் வேறாகவே கொள்வர். அரிசியையும் கடலைப்பருப்பையும் ஊறவைத்து அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிட்டு அவிப்பது டோக்ளா; கடலையை மட்டுமே முதலாகக் கொண்டு, மஞ்சள் நிறமாய், பஞ்சுபோல் அமைவது கமண். இட்டலி உண்டு வளர்ந்த எமக்கு அதன் புளிப்பும் இனிப்பும் முதலில் விந்தையாகவே இருந்தன.

1983 யூலை இறுதியிற் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிகின்றன என்னும் செய்தியை வானொலியிற் கேட்டோம். எமது அண்ணர் அப்பொழுது வெள்ளவத்தையிலிருந்து உத்தியோகம் பார்த்து வந்தார். தந்தி அடித்தோம், மறுமொழி இல்லை. கடிதம் எழுதினோம், அதற்கும் இல்லை. மூன்றாம் நாள் மாலை, அறையைவிட்டு வெளிவராத எம்மை நாடி, மாசி ஆவி பறக்கும் கமண் ஒரு தட்டத்திற் கொண்டுவந்தார். எமது குஜராத்தி அரைகுறை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "ஜமீ லே, தீக்ரா" என்று மட்டும் சொல்லி, எமக்கெதிரே தரையில் அமர்ந்தார். சாப்பிட்டுவிடு மகனே என்று சொன்ன அவர், தட்டம் வெறுமையாகும்வரை எழுந்தாரல்லர். அண்ணர் கப்பலிற் காங்கேசன்துறை வந்திறங்கினார் என்னும் செய்தி எமக்கு எட்டும்வரை, மாலைதோறும் ஏதேனும் ஒரு தட்டம் மேன்மாடிக்கு வந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மையாருக்கு முறையாக நன்றி சொன்னோமா? இல்லை. அப்பண்டத்தின் செய்முறையையேனும் கேட்டறிந்தோமா? அதுவும் இல்லை. ஊர் திரும்பியபின் கடிதங்கள் சில எழுதினோம். போர்க்காலத்தில் அவையும் அற்றுப்போயின.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மலையகமெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தன. எமது வீட்டு மேன்மாடியில், பதுளைப் பகுதியிலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவி ஒருத்தி தங்கியிருந்தாள். அவளது ஊருக்குத் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. மனைவியார் சோறு கொடுத்தனுப்பினார். தொட்ட குறையாகத் திரும்பி வந்தது. அடுத்த நாள் மாலை, இதுகாறும் தேநீர் அன்றி வேறொன்றும் ஆக்கி அறியாத நாம் அடுக்களையுட் புகுந்தோம்.

கடலைமா இருந்தது, அப்பச்சோடாவும் இருந்தது. நன்றாகப் பொங்கட்டும் என்று சோடாவைத் தாராளமாக அள்ளியிட்டோம். மூடியைத் திறந்தபோது, மஞ்சளாய் இருக்கவேண்டிய பண்டம் செங்கல் நிறத் திட்டுக்களோடு எம்மை நோக்கிற்று; வாயிலிட்டாற் சவர்க்காரச் சுவை. நாம் திகைத்து நிற்க, தண்ணீர் எடுக்க இறங்கி வந்த அம்மாணவி எட்டிப் பார்த்தாள். "ஐயா, மஞ்சள் காட்டியாகிவிட்டதே!" என்று சொல்லி, இரண்டு நாட்களின்பின் முதன்முறையாகச் சிரித்தாள்.

அக்கணமே எமது கல்லூரி இரசாயன ஆய்வுகூடம் கண்முன் வந்து நின்றது. பாசிச்சாயத் தாள் தீர்ந்துபோன ஒருநாள், எமது ஆசிரியர் ஒற்றுத்தாளை மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேற் சவர்க்கார நீரை விட்டார், தாள் சிவந்தது. தேசிப்புளியை விட்டார், மீண்டும் மஞ்சளாயிற்று. பரீட்சைக்கு மனனஞ்செய்து அதன்பின் மறந்த பாடம். புளி போதாவிடின் சோடா எஞ்சும், எஞ்சிய சோடா சூட்டிலே காரம் மிகுந்த சோடியங்காபனேற்றாக மாறும், மஞ்சள் சிவக்கும். அடுக்களையில் நேர்ந்தது இதுவே.

மறுநாள் அளந்து செய்தோம். இளைஞர் பயன்கருதி முறையைத் தருகின்றோம். 200 கிராம் கடலைமாவை அரித்து, உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை மஞ்சள், இடித்த இஞ்சி, பச்சைமிளகாய், 2 மேசைக்கரண்டி தேசிப்புளி, சிறிது எண்ணெய் ஆகியவற்றோடு நீர் விட்டுத் தோசைமாப் பதத்தில் கட்டியின்றிக் கரைக்க. இட்டலிச்சட்டியில் நீர் கொதித்தபின்னரே அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சேர்த்து விரைந்து கலக்குக. புளியும் சோடாவும் கூடிப் பிறக்கும் காபனீரொட்சைட்டே மாவைப் பொங்கச் செய்வது. தாமதித்தால் வாயு வெளியேறிவிடும். எண்ணெய் பூசிய தட்டத்தில் ஊற்றி, நீர்த்துளி விழாவண்ணம் மூடிக்குத் துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம் அவிக்க. ஈர்க்கினாற் குத்தினால் மா ஒட்டலாகாது. ஆறியபின் சதுரமாக வெட்டி, கடுகு, எள்ளு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து, அதனுள் சீனி கரைத்த நீர் அரைக் கோப்பை விட்டுக் கொதித்ததும் மேலே ஊற்றுக. கொத்தமல்லி இலையும் தேங்காய்ப்பூவும் தூவுக.

அன்று மாலை தட்டத்தோடு மேன்மாடி ஏறினோம். முழங்கால் நோவைப் பொருட்படுத்தாது எதிரே தரையில் அமர்ந்தோம். "சாப்பிடு பிள்ளை" என்பதற்கு மேல் வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவள் இரண்டு துண்டு உண்டாள். பின்னர் மூன்றாவதையும் எடுத்தாள். பெற்றோர் பாடசாலை ஒன்றில் நலமாகத் தங்கியுள்ளனர் என்னும் செய்தி அடுத்த நாள் வந்தது.

மாசிக்குப் பட்ட கடனை அவருக்கே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை நாம் இழந்துவிட்டோம். ஆயினும் அத்தகைய கடனை வேறொருவரிடத்திற் செலுத்தலாம் என்பதை அன்று அறிந்தோம். அதற்கு வேண்டிய அளவையும் பதத்தையும் எமக்குக் கற்பித்தது கல்லூரி. எதிரே அமர்ந்திருக்கக் கற்பித்தது பரோடா வீடு. இரண்டிற்கும் எமது வணக்கம்.