ஒரு முள்கூட இல்லை!

நான் பி.காம். படித்தவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு வியாதியாகச் சொல்கிறேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் என் கண் மெனு கார்டின் வலது பக்கத்தில்தான் முதலில் மேயும். பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக நெய் ரோஸ்ட்டைத் துறந்து சாதா ரோஸ்ட்டுக்கு மாறிய தியாகி நான்!

அப்பேர்ப்பட்டவனைப் போன அக்டோபரில் ஒருத்தன் தலைக்கு 110 யூரோ விலையுள்ள சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். யூரோவை நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட ரூபாய் வந்துவிடும். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு அழுகை வருகிறது.

கூட்டிப் போனவன் என் காலேஜ் நண்பன். 2008-லிருந்து 2011 வரை திருச்சியில் ஒரே பெஞ்ச். கொட்டப்பட்டு அகதி முகாமிலிருந்து சைக்கிளில் வருவான். 1990-இல் மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகேறிய குடும்பம். அப்போது இவன் கைக்குழந்தை. அக்கவுண்டன்சியில் சூரன். தேய்மானக் கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ அதைப் பார்த்தாலே உடம்பு தேயும். பரீட்சைகளில் அவன் பேப்பர் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருந்ததால்தான் நான் இன்றைக்குப் பட்டதாரி.

படிப்பு முடிந்து நான் பத்திரிகைகளுக்கு எழுதி இளைத்தேன். அவனை 2014-இல் கல்யாணம் இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டது. பெண், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்து வளர்ந்தவள். இலங்கைத் தமிழர்கள் அங்கே பல வருஷமாகவே வேரூன்றி வாழ்கிறார்கள். மலைமேல் இருக்கும் சாந்தா ரோசாலியா கோயிலுக்கு வேதக்காரர்களோடு சைவக்காரர்களும் சேர்ந்து ஏறுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் கணக்கில் சூரனுக்கு அங்கே கிடைத்தது கணக்கு வேலை அல்ல. ஒரு பெரிய ரெஸ்டாரண்டின் சமையலறையில் மீன் கழுவும் வேலை.

பத்து வருஷம் கழித்துப் பெண் குழந்தை. முதல் பிறந்த நாளுக்கு டிக்கெட்டே அனுப்பிவிட்டான். விசாவுக்கு வருமான சர்ட்டிபிகேட் கேட்டார்கள். கொடுத்தேன். "இது மாத வருமானமா?" என்றார் அந்த அம்மாள். "வருஷத்துக்கு" என்றேன். நண்பனின் அழைப்புக் கடிதம்தான் காப்பாற்றியது.

பிறந்த நாள் முடிந்த மறுநாள் சொன்னான். "மச்சான், பின்னேரம் உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிப் போறன். நல்ல சட்டையாப் போட்டுக்கொண்டு வா." அவன் பேச்சில் பாதி மன்னார், பாதி திருச்சி.

கிளம்பும்போது அவன் மனைவி சிரித்தாள். "நீங்க வந்தபடியாத்தான் அண்ணா இவர் போறார். இல்லாட்டி அந்தக் காசை இவர் தொடவே மாட்டார்." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தானில் மும்முரமாக இருந்தேன்.

அவன் வேலை செய்யும் இடம் வேறு, இது வேறு. துறைமுகத்தைப் பார்த்த கட்டடம். வாசலில் மஞ்சள் விளக்கு, தொட்டியில் எலுமிச்சைச் செடி, கோட்டு போட்ட ஆசாமி. நண்பன் அதையெல்லாம் தாண்டி விறுவிறுவென்று நடந்து பக்கத்துச் சந்தில் திரும்பினான். காலிப் பெட்டிகள், ஐஸ் உருகிய தண்ணீர், மீன் வாடை, ஒரு இரும்புக் கதவு. கதவில் கையும் வைத்துவிட்டான்.

"டேய், இது பின் வாசல்டா!"

அப்படியே நின்றான். பிறகு சிரித்தான். "பழக்கதோஷம், மச்சான்."

உள்ளே ஏழெட்டு மேஜைகள்தான். வெள்ளைத் துணி. ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். வழக்கம்போல வலது பக்கம் பார்த்தேன். காலி! விலையே இல்லை! விருந்தாளிக்கு விலை போடாத கார்டும், விருந்து கொடுப்பவருக்கு விலை போட்ட கார்டும் கொடுக்கும் மரியாதை சில பெரிய ரெஸ்டாரண்டுகளில் உண்டாம். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. பழைய ஞாபகத்தில் மெதுவாகக் கழுத்தை நீட்டினேன். அவனும் பழைய ஞாபகத்தில் கார்டை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தான். 110!

இதற்குப் பெயர் டேஸ்டிங் மெனு. நாம் எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம். கல்யாணப் பந்தி மாதிரி அவர்கள் வைப்பதுதான். மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் அதேதான். பந்தியில் 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்கலாம். இங்கே அது மட்டும் கிடையாது.

"எதுக்குடா இந்த ஏற்பாடு?" என்றேன்.

"ஸ்டாக் கணக்கு, மச்சான். இன்றைக்கு இத்தனை பேர் வருகினம் என்று தெரியும். ஆளுக்கு இத்தனை இறால், இத்தனை சாளை. காலையில சந்தைக்குப் போறவர் எண்ணி வாங்கலாம். ராத்திரி குப்பைக்குப் போறது குறைவு. மீன் வியாபாரத்தில க்ளோசிங் ஸ்டாக்தானே எமன்!"

அவனுக்குள் பி.காம். சாகவில்லை என்று தெரிந்து சந்தோஷமாக இருந்தது.

முதல் தட்டு வந்தது. ஸ்கூட்டர் ஸ்டெப்னி அளவுக்குத் தட்டு. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ரொட்டி, வெண்ணெய், அதன்மேல் உப்பில் ஊறிய ஒரு நெத்திலி. வாயில் போட்டேன். மெல்ல ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பச்சை மீன். 'பச்சை' என்றால் வேகவைக்காதது. சூரை மீன் துண்டு ஒன்று, சிவப்பு இறால் ஒன்று. சிசிலியின் தென்மேற்குக் கரையில் மஸாரா தெல் வால்லோ என்று ஒரு ஊர். அந்த இறாலுக்கு இத்தாலி முழுக்கப் பேர். ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். நான் திருதிருவென விழித்தேன்.

"பயப்பிடாதை. பச்சை மீன் பரிமாற சட்டம் இருக்கு. மைனஸ் 20 டிகிரியில 24 மணித்தியாலம் உறைய வைக்கோணும். மீனில இருக்கிற புழு செத்துப் போயிடும்."

"புழுவா?"

"செத்துப் போயிடும் என்று சொல்றன்தானே!"

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இறால் இனித்தது. 'தலையை உறிஞ்சு' என்றான். அதையும் செய்தேன். பக்கத்து மேஜை சீமாட்டியும் உறிஞ்சிக்கொண்டிருந்ததால் தைரியம் வந்தது.

மூன்றாவதாக வந்தது சாளை. திருச்சியில் நாம் மத்தி என்போமே, அதுதான். ரொட்டித் தூள், உலர் திராட்சை, பைன் கொட்டை எல்லாம் அடைத்துச் சுருட்டி, நடுவில் பிரிஞ்சி இலை செருகி, அவனில் சுட்டது. இதற்கு 'சார்தே ஆ பெக்காஃபீக்கோ' என்று பெயர். பெக்காஃபீக்கோ என்பது ஒரு சின்னப் பறவை. பிரபுக்கள் அதைச் சுட்டுச் சமைத்துத் தின்பார்களாம். ஏழைகளுக்குப் பறவைக்கு எங்கே போக? மலிவான சாளையைப் பறவை மாதிரி சுருட்டி வாலைத் தூக்கி நிறுத்திச் சாப்பிட்டார்களாம். இப்போது அந்த ஏழைச் சாப்பாடு பதினோராயிரம் ரூபாய்ப் பந்தியில்!

நண்பன் உடனே சாப்பிடவில்லை. முள்கரண்டியால் சுருளைப் பிரித்தான். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா தேடறே?"

"காலையில போனா எனக்குப் பத்துக் கிலோ சாளை காத்திருக்கும். தலையை முறிச்சு, கட்டைவிரலை உள்ள விட்டு, வாலுக்குக் கிட்ட நடு முள்ளை உடைச்சு இழுக்கோணும். தோல் கிழியக் கூடாது. புத்தகம் மாதிரி வடிவா விரியோணும்."

விரலைக் காட்டினான். நகத்தோரம் முழுக்கக் கீறல். நுனியில் ரேகையே இல்லை. நாங்கள் பக்கம் பக்கமாகப் போட்ட தேய்மானக் கணக்கு ஞாபகம் வந்தது.

ஒரு வாய் வைத்தான். மென்றான். ஒரு வித்வான் கச்சேரியை இன்னொரு வித்வான் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாரே, அப்படி ஆட்டினான். "ஒரு முள்கூட இல்லை, மச்சான்."

அடுத்து நடந்ததை அவன் தெரிந்து செய்யவில்லை. என் தட்டை எடுத்துத் தன் தட்டின் மேல் வைத்தான். முள்கரண்டிகளைச் சேர்த்து மேலே வைத்தான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாதி எழுந்தே விட்டான்! சர்வர் ஓடிவந்து, "நோ, நோ, சிஞ்ஞோரே" என்று பதவிசாக வாங்கிக்கொண்டார். நண்பன் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு வாய்க்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டிருந்தேன். 'இந்தக் காசுக்கு முனியாண்டி விலாஸில் ஒரு தெருவுக்கே பிரியாணி போடலாம்' என்று ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"நீ இதுக்கு முன்னால இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையாடா?"

"எங்கட இடத்தில வேலை முடிய ராத்திரி பன்னிரண்டு ஆகும். ஒரு தட்டு பாஸ்தா தருவினம். நின்றபடியே சாப்பிடுவம். பதினொரு வருஷமாத் தட்டு நிறைஞ்சு வெளியில போறதையும், வெறுந்தட்டாத் திரும்பி வாறதையும்தான் பார்க்கிறன். நடுவில என்ன நடக்குது என்று ஒரு நாள் பார்க்கோணும் போல இருந்தது." கொஞ்சம் நிறுத்தி, "தனியா வர வெட்கமா இருந்தது. நீ வந்தா விருந்தாளியைக் கூட்டிப் போற சாட்டு" என்றான்.

அவன் மனைவி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலாவது தட்டிலிருந்து பெருக்கல், வகுத்தல் இரண்டையும் நிறுத்தினேன். (ஆறாவதில் ஒரு தடவை தவறிவிட்டது. வியாதி அல்லவா!) கடலில் முள் உருண்டையாக ஒரு ஜந்து இருக்கிறதே, அதன் ஆரஞ்சு நிற உள்ளீட்டைப் போட்டுப் பிரட்டிய ஸ்பாகெட்டி வந்தது. மிடுக்காக "சீஸ் ப்ளீஸ்" என்றேன். சர்வர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மீன் பாஸ்தாவில் சீஸ் போடுவது அங்கே, பாயசத்தில் ரசத்தை ஊற்றுவது போலவாம். அசடு வழிந்தேன்.

அடுத்தது மீன் குழம்பு ஊற்றிய குஸ்குஸ். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சிசிலிக்கு வந்த சமாசாரம். பலெர்மோவை அரபுகள் பிடித்தது 831-இல். அவர்கள் ஆட்சி எப்போதோ போய்விட்டது. ரவை மட்டும் போகவில்லை. நான் "உப்புமா" என்றேன். "விசரா, ஆவியில அவிக்கிறது. இது புட்டு!" என்றான். தட்டில் தேங்கிய குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தான். அதற்குச் 'சின்னச் செருப்பு' என்று அர்த்தம் வரும் பெயர் ஒன்று இத்தாலியனில் இருக்கிறது. பெரிய இடங்களில் அது நாகரிகக் குறைச்சலாம். இரண்டு பேரும் செருப்புத் தேயத் தேய வழித்தோம்.

வாள்மீன், எலுமிச்சை ஐஸ், கடைசியில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி அடைத்த கன்னோலி என்று எட்டுத் தட்டும் முடிந்தன. சர்வர் வந்து, எல்லாம் எப்படி இருந்தது என்று அவனைக் கேட்டார். என்னை அல்ல, அவனை! அவன் ஆரம்பித்தான். கையை ஆட்டி, கட்டைவிரலைக் காட்டி, ஐந்து நிமிஷம் இத்தாலியனில் பொழிந்தான். எனக்குப் புரிந்தது 'சார்தே' ஒன்றுதான். சர்வர் போக மனசில்லாமல் நின்று கேட்டார்.

பில்: சாப்பாடு 220, உட்கார்ந்ததற்கு 8 (அதுவும் உண்டு!), தண்ணீர் 6, இரண்டு கிளாஸ் வைன் 20. ஆக மொத்தம் 254. இரண்டு பி.காம்.களும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தது. பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். உள்ளே எல்லாம் ஐந்தும் பத்தும். சமையலறைக்கு வரும் டிப்ஸில் அவன் பங்கு. மூன்று வருஷச் சேமிப்பு. நான் பர்ஸைத் தொட்டேன். முறைத்தான். விட்டுவிட்டேன்.

முன் வாசல் வழியாக வெளியே வந்தோம். கோட்டு ஆசாமி குனிந்து கும்பிடாத குறைதான். நண்பன் மறுபடியும் அந்தச் சந்தில் திரும்பினான்.

"டேய், திரும்பவும் பழக்கதோஷமா?"

"இல்லை. கொஞ்சம் இரு."

இரும்புக் கதவு திறந்திருந்தது. ஈர ஏப்ரன் கட்டிய ஒரு பையன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்திருந்தான். பங்களாதேஷ் பையன் என்று தோன்றியது. இருபது வயசு இருக்கலாம். நண்பன் ஏதோ கேட்டான். பையன் பயந்துகொண்டே எழுந்து, தப்பை ஒப்புக்கொள்கிறவன் மாதிரிக் கையைத் தூக்கினான். நண்பன் இரண்டு வார்த்தை சொன்னான். பையன் முகம் மெதுவாக மலர்ந்தது. தன் கட்டைவிரலைக் காட்டினான். இவன் தன்னுடையதைக் காட்டினான்.

"என்னடா சொன்னே?" என்றேன், நடக்கும்போது.

"சாளை துப்பரவாக்கினது ஆர் என்று கேட்டன். தான்தான் என்றான். ஒரு முள்கூட இல்லை என்று சொன்னன்."

வீட்டுக்கு வந்தோம். "வயிறு நிறைஞ்சுதா அண்ணா?" என்றாள் தங்கச்சி. பொய் சொல்ல மனசு வரவில்லை. இரவு பதினொன்றரைக்கு இடியப்பமும் சொதியும்! சாப்பிட்டு முடித்ததும் நண்பன் என் தட்டை எடுக்கக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. அவன் தட்டையும் பிடுங்கிக்கொண்டு போய் நானே கழுவி வைத்தேன்.

சரியாகக் கழுவவில்லை என்று காலையில் புகார் வந்தது. அது வேறு கதை!