இரண்டாவது படிக்கட்டு

நெருப்புக்குத் தமிழில் தீ, எரி, அழல், கனல், தழல் எனப் பெயர்கள் பல. அடுப்பில் இருக்கும்வரை அது நமக்கு ஏவலாள். கூரை ஏறிவிட்டாலோ நாம் அதற்கு இரை. வருமுன் காவாதவன் வாழ்வுக்குத் தீயின் முன் நிற்கும் வைக்கோற்போரை உவமையாக்கினார் வள்ளுவர். உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். இன்று விளக்கும் மாறிவிட்டது, வீடும் மாறிவிட்டது. அந்த எச்சரிக்கையின் தேவை மட்டும் மாறவில்லை.

நம் பாட்டனார் காலத்து வீட்டில் முற்றம் இருந்தது. புகை வானம் பார்த்துப் போயிற்று. தலைவாசல், கொல்லை வாசல் என வழிகள் இரண்டு இருந்தன. இன்றைய கட்டடம் கல்லாலும் கம்பியாலும் ஆனதால் தீக்கு அஞ்ச வேண்டியதில்லை என எண்ணுகிறோம். கம்பியோ சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். அதன்மேல் மூடிய கான்கிரீட்டின் தடிமனே அதற்குக் காப்பு. உள்ளே நுரை மெத்தைகளும், ஃபால்ஸ் சீலிங்கும், பிளாஸ்டிக் உறையிட்ட மின்கம்பிகளும் நிறைந்துள்ளன. இவை எரிந்து எழும் நச்சுப்புகை, கண்ணாடியால் அடைத்த குளிரறையில் போக்கிடமின்றிச் சூழ்கிறது. சுடர் தீண்டுமுன் புகையே பலரது உயிரைக் குடித்துவிடுகிறது.

இலண்டன் மாநகரின் கிரென்ஃபெல் கோபுரம் 24 தளங்கள் கொண்ட குடியிருப்பு. அத்தனை தளங்களுக்கும் ஒரே படிக்கட்டு. 2016இல் நிறைவுற்ற புதுப்பிப்புப் பணியில் அதன் புறச்சுவருக்கு அலுமினியத் தகடு போர்த்தினர். இரு தகடுகளுக்கு இடையே இருந்தது, பாலிஎத்திலீன் என்னும் எளிதில் எரியும் பொருள். 2017 ஜூன் 14ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், நான்காம் தளத்தின் குளிர்பதனப் பெட்டி ஒன்றில் தோன்றிய தீ, அந்தப் போர்வையைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. 72 உயிர்கள் மாய்ந்தன. அது ரமலான் மாதம். சஹர் உணவுக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் சிலர் கதவுகளைத் தட்டி அண்டை வீட்டாரை எழுப்பினர் எனச் செய்திகள் கூறின. எழுப்புவோர் இருந்தனர், இறங்கும் வழிதான் ஒன்றாக இருந்தது. 18 மீட்டர் உயரத்தை எட்டும் புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டுமென இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி 2024இல்தான் திருத்தப்பட்டது.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கட்டின் தீ ஓலைக்கூரைக்குப் பரவியது. குறுகிய படிக்கட்டு குழந்தைகளைக் காக்கவில்லை. 94 மழலைகளை இழந்தோம். அதன் பின்னரே பள்ளிகளின் ஓலைக்கூரைகளை அகற்றும் ஆணை பிறந்தது. விதிகள் பெரும்பாலும் எரிந்து முடிந்த கட்டடத்தின் சாம்பலில்தான் எழுதப்படுகின்றன.

எழுதிய விதி என்ன ஆகிறது? அண்மையில் நிக்காஹ் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். புதிய மண்டபம், பளிங்குத் தரை, மாடியில் விருந்துக்கூடம். பின்புறம் ‘அவசர வழி’ என்று எழுதிய கதவில் பூட்டு தொங்கியது. அப்பாலுள்ள படிக்கட்டில் நாற்காலிகளும் தேக்சாக்களும் அடுக்கப்பட்டிருந்தன. காவலாளியைக் கேட்டோம். “திருட்டு பயம் ஐயா. சாவி மேலாளரிடம் இருக்கிறது, நாளைதான் வருவார்” என்றார். தீயணைப்புத் துறையின் சான்றிதழோ அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. அருகில் நின்று கேட்ட மணமகளின் பாட்டனார், “கதவு திறக்கட்டும், அதன் பிறகு பந்தி வைக்கலாம்” என்று கூறிவிட்டார். நாளை வரவேண்டிய சாவி அரைமணி நேரத்தில் வந்தது. படிக்கட்டும் காலியாயிற்று.

அந்த முதியவர் கட்டடக்கலை கற்றவரல்லர். ஆயினும் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு பல பக்கங்களில் வலியுறுத்துவதை அவர் ஒரு சொல்லில் நிறைவேற்றினார். வெளியேறும் வழியில் தடை இருத்தல் கூடாது. மின்தூக்கியை வெளியேறும் வழியாகக் கணக்கிடலாகாது. இவை அறிஞர்க்கு மட்டும் விளங்கும் நுட்பங்களா?

நம் மஹல்லாக்களில் பள்ளிகளும் மதரஸாக்களும் மண்டபங்களும் எழும்புகின்றன; மகிழ்ச்சியே. வாரி வழங்கும் செல்வர்கள் பளிங்குக்கும் வண்ண விளக்குக்கும் பொருள் தருகின்றனர். இரண்டாவது படிக்கட்டுக்கென்று நன்கொடை தந்தவர் பெயர் பொறித்த கல்லை நாம் இன்னும் கண்டதில்லை. நம் கூரையின்கீழ் வந்து அமரும் ஒவ்வோர் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வழியைப் பூட்டிவிட்டு துஆ கேட்பது அதற்குப் பொருந்துமா?

மாணவச் செல்வங்களே! நாளை வீடு கட்டுவோரும், கட்டட அனுமதி வழங்குவோரும், ஜமாஅத்தை நடத்துவோரும் நீங்களே. எந்தக் கட்டடத்துள் நுழைந்தாலும் அதன் அழகைப் பார்க்குமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள். அது பூட்டியிருந்தால் தயங்காது கேளுங்கள். வல்ல இறைவன் நம் இல்லங்களையும் கல்விக்கூடங்களையும் தீயின் தீங்கினின்று காத்தருள்வானாக!