சேர்க்கலாம், கழிக்க இயலாது

கச்சேரி முடிந்து வெளியே வருவோர் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு: ‘இசை நன்றாகத்தான் இருந்தது, சொல்தான் பிடிபடவில்லை.’ பழி உடனே பாடகரின் உச்சரிப்பின்மேல் விழும். அவர் தப்பினால் மிக்ஸர் முன் அமர்ந்திருப்பவர்மேல் விழும். பேச்சொலியியல் படித்தவள் என்ற முறையில் முதல் குற்றச்சாட்டையும், ஹைதராபாத்தில் எங்கள் வளாகத்து இசைக்குழுவின் ஒத்திகைகளில் இரண்டு ஆண்டுகளாக ஒயர் சுருட்டுபவள் என்ற முறையில் இரண்டாவதையும் ஏற்கத் தயங்குகிறேன்.

முந்நூறு பேர் அமரும் அரங்கில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டியதில்லை. மிக்ஸரில் அதன் ஃபேடரை அடிவரை இறக்கினாலும் அது மேடையிலிருந்து நேராக வந்துகொண்டே இருக்கும். ஒலிப்பொறியாளரால் ஒலியைச் சேர்க்க முடியும். மேடையில் பிறந்துவிட்ட ஒலியைக் கழிக்க முடியாது. எனவே குரலை அதற்கும் மேலே ஏற்றுகிறார். ஆனால் பாடகியின் மைக்கிற்குள் அவள் குரல் மட்டுமா போகிறது? பின்னாலிருக்கும் சிம்பலும் போகிறது. குரலை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறுகிறது.

இதில் முதலில் சாவது மெய்யெழுத்து. உயிரொலிகளின் வலிமை பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் தடயங்களோ பெரும்பாலும் 1500க்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில், மெலிந்த கோடுகளாகவே கிடக்கின்றன. கிட்டாரின் கரகரப்பும் ஸ்நேரின் அறையும் குடியிருக்கும் இடமும் அதுவே. போதாக்குறைக்கு, உரத்த தாழ்ந்த ஒலி தன்னினும் உயர்ந்த ஒலிகளைக் காதில் எளிதாக மறைத்துவிடும். எதிர்த்திசையில் அந்த மறைப்பு அவ்வளவு நிகழ்வதில்லை. ‘தமிழே சரியாக வரவில்லை’ என்று ஒரு பாடகியைப் பற்றி எழுதுமுன் அவளுக்குப் பின்னால் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்று கேட்பது நியாயம்.

இரைச்சலில் பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். உரப்பு மட்டும் கூடுவதில்லை. சுருதி ஏறும், உயிரொலி நீளும். எங்கள் ஒத்திகையில் நான் கண்டது இதைத்தான். டிரம்ஸ் உரக்கிறது, கிட்டார்க்காரர் தம் ஆம்ப்ளிஃபயரைத் திருகுகிறார், பாடகிக்குத் தன் குரல் கேட்கவில்லை, மானிட்டரைக் கூட்டச் சொல்கிறாள், அது மைக்கிற்குள் புகுந்து ஊளையிடுகிறது, குறைக்கிறோம், அவள் கத்துகிறாள். சென்ற பருவத்தில் இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் அவளுக்குச் சொன்னார். வேதியியல் ஆய்வகத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டியே அந்த இரண்டு வாரத்தையும் கடத்தினாள்.

கர்நாடக இசை மேடையும் இதற்கு விலக்கன்று. பக்கவாத்தியக்காரர் கண்ணாலேயே ஒலிப்பொறியாளரைத் தேடிப்பிடித்து விரலை மேல்நோக்கி ஆட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீழ்நோக்கி ஆடிய விரலை நான் கண்டது மிக அரிது.

பணம் கேட்காத வழிகள் சில உண்டு. தரையில் கிடக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வாசிப்பவரின் முழங்காலுக்கும் முதல் வரிசையின் நெற்றிக்கும் ஒலிக்கிறது. வாசிப்பவரின் காதுக்கு அல்ல. அதைச் சாய்த்து அவர் முகத்தை நோக்கி நிமிர்த்தினால் அவரே குறைத்துக்கொள்வார். மைக்கை வாயிலிருந்து இருபது சென்டிமீட்டரில் பிடிப்பதற்கும் ஐந்தில் பிடிப்பதற்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வேறுபாடு, செலவேயின்றி. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது மட்டும் கூடாது. பின்புற ஒலியைத் தள்ளுவதற்கென்றே அமைந்த துளைகள் அடைபட்டு, எல்லாத் திசையையும் அது கேட்கத் தொடங்கிவிடும். மானிட்டரை வைக்கும் இடமும் மைக்கின் வகையைப் பொறுத்தது: கார்டியாய்டுக்கு நேர் பின்னால், சூப்பர் கார்டியாய்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில். பல மேடைகளில் இரண்டுக்கும் ஒரே இடந்தான்.

டிரம்ஸைச் சுற்றி நிறுத்தும் அக்ரிலிக் தடுப்பைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. சிம்பலின் கூர்மையை அது மறிக்கும். அடியொலி சுற்றிக்கொண்டு போய்விடும். மறிக்கப்பட்டதோ வாசிப்பவனிடமே திரும்பும். பின்னால் உறிஞ்சுவதற்குக் கனத்த திரையேனும் இல்லையென்றால் நாம் காப்பாற்றியது பார்வையாளரை மட்டும்.

எங்கள் டிரம்ஸ்காரன் இளங்கலை இரண்டாமாண்டு. ஒத்திகை முடிந்த இரவுகளில் காதுக்குள் ‘கீ’ என்று ஒன்று கேட்கிறதாம். அது தெரியாமலிருக்க மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத்தான் தூங்குகிறான். இதை அவன் சொன்ன விதம், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த வரம்பு, பதினைந்து நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அது கேட்பவர்களை மனத்திற்கொண்டது. ஸ்நேருக்கு முக்கால் மீட்டரில் காதை வைத்திருப்பவனுக்கு அது என்ன ஆறுதல் தரும்?

காதடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். குச்சிக்குப் பதிலாக மெல்லிய கழிகளைச் சேர்த்துக் கட்டிய ‘ராட்’ கொண்டு வாசிக்கச் சொன்னபோது மறுத்தான். “மெதுவா அடிச்சா ஃபீல் வராது அக்கா.” அந்த வாதம் முழுக்கப் பொய்யுமன்று, தோல் முழுவதும் அதிர்ந்தால்தான் வரும் நாதம் ஒன்றுண்டு. மூன்று ஒத்திகைகள் பேசிப் பார்த்தோம். இறுதியில், கடைசிப் பாட்டுக்கு மட்டும் குச்சி, மற்றவற்றுக்கு ராட் என்று முடிவாயிற்று. பாடகியும் ஒப்புக்கொண்டாள். அந்தப் பாட்டில் சொல் குறைவு; பாதிக்கு மேல் ‘லா லா’தான்.