பரண்ல கிடந்த ஏழு கூடை

இந்தத் தடவை வயக்காட்டுச் சேதி கம்மிதான். பங்குனி, சித்திரையில எங்க பக்கம் சொல்ல என்ன இருக்கு? குன்னம் பக்கத்து மானாவாரிக் கரிசல்ல மக்காச்சோளம் தை, மாசியிலயே வீடு வந்து சேர்ந்துரும். பருத்தியும் கடைசி எடுப்பு முடிஞ்சு மார் பிடுங்கியாச்சு. நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. இனி மழை பேஞ்சாத்தான் உழவு. கை சும்மா இருக்குதேன்னு, பரண்ல பாதி பாதியா நின்ன ஒயர் கூடைகளை இறக்கினேன். எண்ணிப் பார்த்தா ஏழு.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஒயர் கூடை தெரிஞ்சிருக்கும். அம்மா வீட்டுல ஒண்ணாவது ஆணியில தொங்கியிருக்கும். போடுற விதம்தான் பல பேருக்குத் தெரியாது. ரோல்ல வர்ற பிளாஸ்டிக் ஒயரை ஒரே அளவா வெட்டி, ரெண்டா மடிச்சு முடிச்சுப் போட்டு, முதல்ல அடிப்பாகம் போடணும். அப்புறம் ஒயரை மேல திருப்பிவிட்டு, வெட்டாத நீள ஒயர் ஒண்ணைச் சுத்தி ஓடவிட்டு, வரிசை வரிசையா முடிச்சுப் போட்டு உயரம் ஏத்தணும். சாதா முடிச்சு, பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண்ணுன்னு அதுல பல வகை. கடைசியா மிச்சம் நிக்கிற முனைகளை உள்பக்கத்து முடிச்சுகளுக்குள்ள சொருகி, கைப்பிடி பின்னணும். ரெண்டு ரோல் கூடைக்கு எனக்கு அஞ்சாறு சாயங்காலம் ஆகும். சொருகுறதும் கைப்பிடியும்தான் விரலை வாங்கிரும். பாதி வீட்டுல கூடை நிக்கிறதே அந்த இடத்துலதான்.

"ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது"ன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. ஏழையும் திண்ணையில வரிசையா வெச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணும் எதனால நின்னுச்சுன்னு என்னால சொல்ல முடிஞ்சுது.

நீலக் கூடை 2018ல நின்னது. அந்த வருஷம் மே மாசம் கர்நாடகாவுல முதல்ல கண்டுபிடிச்ச அமெரிக்கன் படைப்புழு, அதே பட்டத்துல எங்க பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்துலயும் இறங்கிருச்சு. குருத்துக்குள்ள உக்காந்து தின்னும். மேல மரத்தூள் கணக்கா எச்சம் கிடக்கும். விடியக்காலமும் சாயங்காலமும் குருத்தைப் பிரிச்சுப் பார்த்தோம், மருந்தடிச்சோம். இருட்டுன பிறகு கூடையை எடுக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? மூணு வரிசையோட பரணுக்குப் போயிருச்சு.

சிவப்புக் கூடை 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டப்ப நின்னது. ஒயர் தீர்ந்துபோச்சு, வாங்கக் கடை இல்ல. கடை திறந்த பிறகு வாங்கினது வேற சிவப்பு, பழசோட ஒட்டல. இப்ப மேல் அஞ்சு வரிசையை வெள்ளையில போட்டு முடிச்சுட்டேன். வேணும்னே அப்படிப் போட்ட மாதிரி அழகாவே இருக்கு.

எதை முதல்ல முடிக்கிறதுன்னு ஒரு கணக்கு வெச்சுக்கிட்டேன். யாரு காத்திருக்காங்களோ அவங்களோடது முதல்ல. அப்படிப் பார்த்தா என் தங்கச்சிதான் முன்னால நிக்கிறா. அவளை ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ஊருல கட்டிக்கொடுத்திருக்கு. பங்குனி, சித்திரையிலதான் அங்க முந்திரி விழும். முந்திரிப்பழச் சாறு துணியில பட்டா அந்தக் கறை போகவே போகாது, பை எல்லாம் பாழாயிரும். ஒயர் கூடைன்னா ரெண்டு குடம் தண்ணி ஊத்தி அலசிக் கவுத்துரலாம். கைப்பிடி மட்டும் பாக்கியா இருந்துச்சு. ரெண்டு நாள்ல பின்னி, பஸ்ஸுல அந்தப் பக்கம் போனவங்ககிட்ட கொடுத்துவிட்டேன்.

அடுத்தது எங்க அத்தை, அதாவது மாமியார் போட்ட பச்சை மஞ்சள் கூடை. எனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். கண்ணுல புரை விழுந்த பிறகும் விரலாலயே தடவி சிவன் கண் போடுவாங்க. மக காலேஜ் விடுதிக்குக் கொண்டுபோகட்டும்னு ஆரம்பிச்சாங்க. மேல் வரிசை வரைக்கும் முடிச்சு வெச்சிருந்தாங்க. சொருகலும் கைப்பிடியும் பாக்கி இருக்கயில போய்ச் சேர்ந்துட்டாங்க. மக படிச்சு முடிச்சு, இப்ப சென்னையில வேலையில இருக்கா. "ஒயர் பழசாயிருச்சு, பிரிச்சுட்டுப் புதுசா போட்டுத் தரவா"ன்னு போன்ல கேட்டேன். "அப்பாயி போட்டதைப் பிரிச்சுராதம்மா"ன்னுட்டா.

சரின்னு உக்காந்தா, முனை உள்ள போகவே மாட்டேங்குது. அத்தை கை இறுக்கம் அப்படி. என் முடிச்சா இருந்தா கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கோணி ஊசியால ஒவ்வொரு முடிச்சையும் லேசா விலக்கி, ஒயர் முனையைச் சரிவா சீவி, ஒண்ணு ஒண்ணா சொருகினேன். எனக்கும் இப்பல்லாம் காலையில விரல் மடங்க நேரமாகுது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு முனைக்கு மேல முடியல. ஒன்பது நாள் ஆச்சு. ஒரு முடிச்சுகூட நான் அவுக்கல.

2019 ஜனவரி 1ல ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. 2021 டிசம்பர்ல அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை"ன்னு ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் பட்டணத்துக்காரங்களும் ஒயர் கூடை கேக்குறாங்க. இதுவும் பிளாஸ்டிக்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க வீட்டுல ஒரு கூடை பதினஞ்சு வருஷமா சந்தைக்குப் போய்ட்டு வருது. விலை கேக்குறப்ப ஒயர் விலையோட அந்த அஞ்சாறு சாயங்காலத்தையும் சேர்த்து நினைச்சுக்குங்க. "கடையில இதைவிடக் கம்மி"ன்னு சொல்லாதீங்க.

ஏழுல நாலு முடிஞ்சுது, நீலக் கூடையும் சேர்த்துத்தான். ஒண்ணு ஓட்டு வெக்கையில காஞ்சு, மடக்கினா ஒடியுது. அது இனி ஆகாது. அடி மட்டும் போட்ட சின்னக் கூடை ரெண்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுல ஒன்பதாவது படிக்கிற பிள்ளை லீவுல தினமும் வந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா. ரெண்டையும் அவ கையில கொடுத்துட்டேன். ஒண்ணைப் பிரிச்சு, வளைஞ்ச ஒயரை வெந்நீர்ல போட்டு நிமித்தி, மறுபடி தானே போட்டுக்கிட்டு இருக்கா. இன்னொண்ணுல ரெண்டு வரிசை ஏத்திட்டா. முடிச்சு கோணலாத்தான் விழுது. விழட்டும். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கு.