அரைப்பேர்

மழையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையொன்று சென்ற ஆண்டு ஓர் இலக்கிய ஏட்டில் வெளிவந்தது. கண்டியிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, குருநாகல் வீதியில் ஏறக்குறையப் பதினெட்டுக் கிலோமீற்றர் வந்தால் கலகெதர. அதற்கப்பால் நிலம் மாவத்தகமப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. ஐப்பசி மாதத்தில் அந்தச் சரிவின் மீது மழை ஏறி வருவதைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நானும் மறக்காமல் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். கமுகுகள் தலை தாழ்த்துவதையும், மிளகுக் கொடிகள் நனைந்து கறுப்பதையும், பள்ளத்திலிருந்து மண்மணம் எழுவதையும் ஒன்று விடாமல் வருணித்திருந்தேன். பேராதனையில் கற்ற தமிழ் முழுவதையும் அந்த இரண்டரைப் பக்கத்தில் கொட்டிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

ஏட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக் கூட்டுவாள். அச்சிலிருந்த என் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வாசிச்சுக் காட்டு தம்பி" என்றாள். வாசித்தேன். முடிந்ததும் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"இந்த மழை காலையிலயா, சாயந்திரமா?"

கட்டுரையில் அது தெளிவாக இல்லை. "காலையிலேதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்றேன்.

"அப்ப அன்னைக்கு ஒருத்தருக்கும் பேரு இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தோட்டத்துத் தமிழில் பழக்கமில்லாத அன்பர்களுக்கு இந்தச் சொல்லை விளக்குவது என் கடமை. தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, விதித்த வேலையை விதித்த அளவில் முடித்து, செக்றோலில் தன் பெயருக்கு நேரே குறி விழுந்தால் அன்று பேர் விழுந்தது. கொழுந்தோ பாலோ அளவு குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக அறுத்துக் கொடுக்கலாம் என்று நான் படித்த இலக்கண நூல் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெயர்ச்சொல்லை ஆறு வகையாகப் பிரித்து வகுப்பில் கற்பிக்கிறேன். இந்த வகை அதற்குள் இல்லை.

மலையகம் என்றதும் தேயிலையை நினைப்பது நம் வழக்கம். எங்கள் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளில் றப்பரும் உண்டு. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டினாள். மரத்தில் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுமுன்னேதான். ஆகையால் இருள் பிரியுமுன் மலையில் நிற்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியே சிரட்டைக்கு வராமல் மரமெங்கும் பரவி வீணாகும். வெட்டிய பின்பு மழை வந்தாலோ, சிரட்டை நீரால் நிரம்பிப் பால் தரையோடு போகும். மரத்துக்குப் பொலித்தீன் பாவாடை கட்டுகிற முறையும் இருக்கிறது. எல்லா மலையிலும் கட்டுவதில்லை. மழை நாளில் சில வேளை புல்வெட்டக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அதுவும் இராது. ஐப்பசி, கார்த்திகை என்று நான் ரசித்து எழுதும் மாதங்கள் அவளுக்கு இப்படிப்பட்டவை.

வெட்டுகிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டையின் உட்பகுதியிலேதான் பால்நாளங்கள் இருக்கின்றன. அவற்றை அறுக்க வேண்டும். ஆனால் அதற்கும் உள்ளேயிருக்கும் வளர்படையைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் காயம் ஆறும்போது மரம் முண்டு முண்டாக வீங்கும். அவ்விடத்தில் மறுபடி வெட்டுவது கடினம். ஒரு தடவைக்குச் சீவுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அரையிருட்டில், அட்டை காலில் ஏற, மரத்துக்கு மரம் இதே கணக்கு. சில மாதங்களுக்கு முன் ஆசிரியர்களுக்கென நடந்த பயிலரங்கொன்றில், வளவாளர் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, இக்கணத்திலே வாழ்வது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். அவர் சொன்னது பொய்யல்ல. எனக்கு மட்டும் கத்தி நிற்கும் அந்த மயிரிழை இடைவெளி நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. இறுதியில் தேநீரும் வடையும் தந்தார்கள்.

இந்த மரமும் எங்களைப் போல வெளியிலிருந்து வந்ததுதான். அமேசன் காட்டு விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, கன்றுகளாக 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. மரத்திடம் ஒருவரும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. எங்கள் தாத்தாவிடம் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் நடந்த பொதுத்தேர்தலில் தாத்தாவுக்கு வாக்கில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கையும் சீனாவும் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டன: ஆண்டொன்றுக்கு 50,000 தொன் றப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். மேற்கு வல்லரசுகளின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் ஒரு சிறிய நாடு செய்த துணிவான காரியம் என்று வகுப்பில் நான் பெருமையோடு சொல்வதுண்டு, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த அரிசிக்காகப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலாரின் பெயர் செக்றோலில் மட்டுமே இருந்தது, நாட்டின் இடாப்பில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை பெயர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. பாட்டியின் தங்கை குடும்பம் தலைமன்னார்க் கப்பலேறி, நீலகிரித் தேயிலைக்குப் போனது. தாத்தா இங்கேயே தங்கினார், எந்த இடாப்பிலும் சேராமல். 2003இல் வந்த சட்டத்தின் பயனாகவே அம்மாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. லயத்தில் எழுதத் தெரிந்தவன் என்று ஆறேழு பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அம்மாவின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், சேமலாப நிதிப் பத்திரத்தில் வேறு விதமாகவும், செக்றோலில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. காதில் விழுந்தபடி யார் யாரோ எழுதியவை. எது சரி என்று கேட்டேன். "கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறேன்ல, எல்லாம் சரிதான்" என்றாள்.

திரைப்படங்கள் இந்த வாழ்க்கையை அறவே தொடவில்லை என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளரைப் பற்றி வீ. பி. கணேசன் 1975இல் இங்கேயே 'புதிய காற்று' எடுத்தார். பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தபோது அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். கதைநாயகனின் காதலி குழந்தையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேரும் இறுதிக் காட்சியில் நான் கண் கலங்கினேன், அம்மா கலங்கவில்லை. மற்றப் படங்களில் வரும் கொழுந்துப் பாட்டுக்களைப் பார்த்தாலோ சிரிப்பாள். கூடை காலியாகவே இருக்கிறதாம்; முற்றிய இலையைப் பிய்க்கிறார்களாம். பால் வெட்டுகிறவளைக் கதாநாயகியாக்கிய படம் எதையும் நான் பார்த்ததில்லை. விடியுமுன் தொடங்கிவிடும் வேலையைப் படம்பிடிக்க வெளிச்சம் போதாது போலும்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது வேறொரு செய்தி. சென்ற மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பழைய தகரப்பெட்டியை இறக்கினோம். அதற்குள்ளே நாட்காட்டித் தாள்கள் ஒரு கட்டு. கலகெதரக் கடைகளில் புத்தாண்டுக்கு இலவசமாகத் தருபவை. ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் குறி: முழுக்கோடு, அரைக்கோடு, சில கட்டங்களில் வட்டம். என்னவென்று கேட்டேன். முழுக்கோடு பேர், அரைக்கோடு அரைப்பேர், வட்டம் மழை. சம்பள நாளில் கந்தோர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தாளாம். இரண்டொரு தடவை கணக்கப்பிள்ளையோடு வாதாடி, விடுபட்ட பேரை மீட்டுமிருக்கிறாள். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழை அந்தக் கட்டில் இருந்தது. நான் எழுதிய மழைகளில் ஒன்றுக்கேனும் தேதி கிடையாது.

2010ஆம் ஆண்டு நவம்பர்த் தாளைத் தேடி எடுத்தேன். அப்போது நான் பேராதனையில் விடுதி மாணவன். என் முதல் எழுத்து மாணவர் சஞ்சிகையொன்றில் அம்மாதந்தான் அச்சேறியது. அதுவும் மழையைப் பற்றியதே. தாளில் வட்டங்களை எண்ணினேன்: பதினான்கு. முழுக்கோடுகள் எட்டு. ஞாயிறுகள் போக மிகுதி அரைக்கோடு. அம்மாதமும் எனக்கு வரவேண்டிய பணம் ஐந்தாம் தேதிக்கு முன்பே, குறையாமல், வந்து சேர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இந்த மாசம் எப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

அம்மா தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தாள். "கைமாத்துத்தான். அடுத்த மாசம் வெயில் அடிச்சிருக்குமே, பாரு" என்று சொல்லி, டிசம்பர்த் தாளைத் தேடத் தொடங்கினாள்.